மறையூர் ஏற்றத்தில் கற்ற பாடம்

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் காத்துக் கொண்டிருக்கும். அப்பா ஓட்டியது, அல்லது மாமா விட்டுப் போனது. வருடத்தில் ஒரு முறை விடுமுறைக்குப் போகும்போது அதன் மேல் போர்த்திய சாக்கை எடுத்து, தூசி தட்டி, இருபது முறை கிக்கரை உதைத்து வியர்த்துப் போவோம். பிறகு யாராவது ஒருவர் சொல்வார்: "கார்புரேட்டர் போச்சுங்க. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க, சரியாயிடும்."

அப்படிப் புதுசு ஒன்றை வாங்கி மாட்டிய கதைதான் இது. மாட்டியவன் நான். முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன். அந்த இறுமாப்பு மறையூர் ஏற்றத்தில் இறங்கியது.

கே.எல். 6 வண்டி

என் தங்கையின் கணவர் மூணாறில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1991-இல் ஒரு புல்லட் வாங்கினார். இடுக்கி மாவட்டத்தின் கே.எல். 6 பதிவு. இரும்பு வார்ப்பு சிலிண்டர், 346 சி.சி., பாயிண்ட் வைத்த பழைய ரகம். திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த வம்சம். மழை, பனி எதுவானாலும் அவர் அந்த வண்டியில்தான் போவார், வருவார். அவர் காலமான பின் வண்டி கொட்டகையில் நின்றது.

தங்கை மகனுக்குப் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் வேலை. அவன் வண்டியை லாரியில் ஏற்றி ஒலவக்கோட்டில் என் வீட்டு வாசலில் இறக்கினான். "மாமா, அப்பாவோட முதல் வருஷத் திதி தை மாசம் வருது. அன்னைக்கு இந்த வண்டியிலதான் வீட்டுக்குப் போகணும்" என்றான். அவன் தலையில் கை வைத்து, "ஓட வைக்கிறேன் மாப்ளே" என்றேன்.

பழைய கார்புரேட்டர் மிக்கார்ப் வி.எம். 24 வகை. ஸ்லைடு தேய்ந்து, கையால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. அந்த இடைவெளியில் காற்று புகுந்து வண்டி ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்துவிட்டது. பழைய வண்டிக்கு அசல் உருப்படி தேடி அலைவதைவிட, கடையில் கிடைக்கும் மாற்று கார்புரேட்டரை வாங்குவது சுலபம். விலையும் குறைவு. நாங்களும் அதைத்தான் செய்தோம். பார்ப்பதற்கு அச்சாக அதேதான். பளபளவென்று இருந்தது.

மாட்டினேன். காற்றுத் திருகை ஒன்றரைச் சுற்றில் வைத்தேன். மூன்றாவது உதையில் இன்ஜின் பிடித்தது. பாலக்காட்டு ஊருக்குள் நான்கு நாள் ஓட்டினோம். கடிகாரம் போல் அடித்தது. தெருவில் எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

ஏற்றத்தில் நடந்தது

பாலக்காட்டிலிருந்து மூணாறு போக ஒரு வேடிக்கையான வழி உண்டு. கேரளத்தில் புறப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டில் போய், சின்னாறு சோதனைச் சாவடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக மலை ஏற வேண்டும். தங்கை மகன் வண்டியில் முன்னால் போக, நானும் என் மனைவியும் வாடகைக் காரில் பின்னால் போனோம். உடுமலை வரை சமதரை. ஒரு குறையும் இல்லை.

சின்னாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் சத்தம் மாறியது. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினால் இன்ஜின் 'பம் பம்' என்று அடைத்துக் கொண்டது. சைலன்சரில் கரும்புகை. மறையூருக்குச் சற்று முன் ஒரு வளைவில் வண்டி நின்றே விட்டது. அது யானை நடமாடும் காடு. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான்.

காரை விட்டு இறங்கி ஓடினேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. கார்புரேட்டர் வழிந்து கொண்டிருந்தது. வழியும் பெட்ரோலைத் தரைக்குக் கொண்டு போக வேண்டிய குழாய் நான் மாட்டியது குட்டை. அதனால் பெட்ரோல் சூடான இன்ஜினின் மேலேயே சொட்டியது. அந்த நேரம் பார்த்து, உதவ வந்த ஒரு நல்ல மனிதர் எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் வாயில் பீடி புகைந்து கொண்டிருந்தது.

"அங்கேயே நில்லுங்க!" என்று நான் கத்தியதில் காருக்குள் இருந்த என் மனைவி பயந்துவிட்டாள். பெட்ரோல் டேப்பை மூடினேன். பையனை எட்ட நிற்கச் சொன்னேன். இன்ஜின் ஆறும் வரை யாரும் பேசவில்லை. "அத்தை கேட்டா என்ன சொல்றது மாமா?" என்று மட்டும் அவன் என் மனைவியைக் காட்டிக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஒரு ஜீப்காரர் உதவியோடு வண்டியை மறையூர் சேர்த்தோம். அங்கே ஒரு சிறிய பட்டறை. வயதான மெக்கானிக். தமிழ்க்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணே, மாட்டறதுக்கு முன்னாடி இதைத் திறந்து பாத்தீங்களா?"

நான் திறந்து பார்க்கவில்லை. புதிது என்று நம்பிவிட்டேன்.

வாசகர்களே, டீசல் ஷெட்டில் ஒரு இன்ஜெக்டர் புதிதாகப் பெட்டியில் வந்தாலும் சோதனை மேடையில் வைத்து, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தெளிப்பு சரியா, சொட்டுகிறதா என்று பார்க்காமல் இன்ஜினில் மாட்ட விடமாட்டோம். அப்படிச் செய்யாத பையன்களை நான் திட்டியிருக்கிறேன். அதே நான், வீட்டு வாசலில், சொந்த மருமகன் ஏறும் வண்டிக்கு அந்தச் சோதனையைச் செய்யவில்லை. புதிய உருப்படி என்பது சரியான உருப்படி அல்ல. இன்னும் சோதிக்காத உருப்படி. இது எனக்குத் தெரியாததல்ல, மறந்தது.

திறந்தபோது கண்டவை

பட்டறையில் இரண்டு குறைகள் வெளிவந்தன.

முதலாவது மிதவை. கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழுந்து வால்வை மூட வேண்டும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள பந்து வால்வு போலத்தான். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால், இந்த வகையில் மிதவையைத் தாங்கும் கை, உடலின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். எங்களுடையது சாய்ந்து நின்றது. அதனால் வால்வு தாமதமாக மூடி, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தே இருந்தது. சமதரையில் அது தெரியவில்லை. வண்டி மலையில் சாய்ந்து, குலுங்கியபோது வழிந்துவிட்டது.

இரண்டாவது மெயின் ஜெட். பழைய கார்புரேட்டரில் இருந்தது 90 என்ற எண். புதியதில் 110. எண் கூடினால் பாயும் பெட்ரோலும் கூடும். அப்படியானால் பாலக்காட்டில் எப்படி அழகாக ஓடியது? அங்கேதான் சூட்சுமம்.

கார்புரேட்டர் ஒரே ஒரு வழியில் பெட்ரோல் கொடுப்பதில்லை. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும் போதும், முதல் எட்டில் ஒரு பங்கு வரையிலும் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் வேலை செய்யும். அதிலிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் உள்ள சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் போனால்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஊருக்குள் யார் முக்காலுக்கு மேல் திருகுகிறார்கள்? நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, அந்த நான்கு நாளும் மெயின் ஜெட்டுக்கு வேலையே வரவில்லை. நான் சோதித்தது பாதி கார்புரேட்டரைத்தான்.

மலையில் காற்றுக்கு எடை குறைவு

இதோடு மலையும் தன் பங்கைச் சேர்த்தது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். மூணாறு போல 1,500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 1.06 கிலோ. இன்ஜின் ஒவ்வொரு மூச்சுக்கும் அதே 346 சி.சி. அளவைத்தான் இழுக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் காற்று ஏழில் ஒரு பங்கு குறைவு. உறிஞ்சப்படும் பெட்ரோலும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் காற்று குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டால், கலவையில் பெட்ரோல் சுமார் 7 சதவீதம் கூடிவிடுகிறது. கரும்புகை, பிளக்கில் கரி, ஏற்றத்தில் அடைப்பு எல்லாம் அதன் அடையாளங்கள்.

90 ஜெட் சரியாக உள்ள வண்டிக்கு மலையில் 85 போதும். ஆனால் எங்கள் வண்டியில் 110. ஏற்கனவே அதிகம், மலையில் இன்னும் அதிகம். ஏறவே முடியாதது அதனால்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் காற்று குறைந்த அளவுக்குச் சக்தி குறையத்தான் செய்யும். எந்த டியூனிங்காலும் அதைத் திரும்பப் பெற முடியாது. அதை எதிர்பார்த்துத் திருகைத் திருகிக் கெடுப்பவர்கள் அநேகம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் கணக்கில் இன்னொரு திருப்பம். ஒரு கிலோ சுத்த பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 கிலோ. அதாவது பழைய ஜெட்டை அப்படியே வைத்தால் சமவெளியில் கலவையில் பெட்ரோல் போதாமல் போகும், ஏறத்தாழ 8 சதவீதம். புதிய வண்டிகளில் கணினி இதைச் சரி செய்துகொள்ளும். நம் பழைய கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. சமவெளியில் எத்தனால் கலவையை மெலிய வைக்கிறது. மலையில் மெல்லிய காற்று அதைக் கனக்க வைக்கிறது. இரண்டும் ஓரளவு ஈடாகிவிடுவதால், 90 ஜெட்டோடு மூணாறு போய் வர ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. சமவெளியிலேயே தினமும் ஓட்டுபவர்தான் பிளக்கைப் பார்த்து ஊசியை ஒரு படி உயர்த்துவதா, ஜெட்டை ஒரு எண் கூட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

மாட்டுமுன் பார்க்க வேண்டியவை

மாற்று கார்புரேட்டர் எல்லாம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வண்டியில் இன்றும் அதே மாற்று கார்புரேட்டர்தான் இருக்கிறது. ஆனால் மாட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

கிண்ணத்தைத் திறந்து மிதவையின் மட்டத்தைப் பாருங்கள். ஜெட் எண்களைப் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். துளையில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. காற்றால் ஊதினால் போதும். ஊசியில் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஸ்லைடின் வெட்டுப் பக்கம் காற்று வடிகட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். கேபிளைப் பிடித்து ஆட்டினால் சிறு தளர்ச்சி இருக்க வேண்டும். இல்லையேல் ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டி தானே சீறும். வழியும் குழாய் இன்ஜினைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு இன்னும் அந்த பீடி கண்ணில் தெரிகிறது.

மாட்டியபின், இன்ஜினும் கார்புரேட்டரும் சேரும் இடத்தில் காற்றுக் கசிவு உண்டா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறுமானால் கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

கார்புரேட்டரின் மேல் பழி போடுமுன் மற்றவற்றையும் பாருங்கள். பாயிண்ட் கருகியிருக்கலாம். பிளக் பழையதாக இருக்கலாம். பதினைந்து நிமிடம் ஓடி, நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஓடுகிறதா? பெட்ரோல் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கும். மூடியைத் திறந்து மூடினால் சரியாகிவிட்டால் அதுதான் நோய். இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

டியூன் செய்யும் முறை

பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஸ்லோவைச் சற்று உயர்த்தி வையுங்கள். காற்றுத் திருகை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கக் கூடாது, நுனி கெட்டுவிடும். பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, இன்ஜின் எங்கே அதிக வேகத்தில் சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோவைக் குறையுங்கள். இந்த வகையில் திருகு உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் குறையும். அரைச் சுற்றுக்குள்ளேயே நல்ல இடம் வந்தால் பைலட் ஜெட் சிறியது. மூன்று சுற்று வெளியே எடுத்தும் போதவில்லை என்றால் அது பெரியது.

பிறகு ஹேண்டில் பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். வெறிச்சோடிய சாலையில், சற்று ஏற்றமாக இருந்தால் நல்லது, ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். எந்தக் கோட்டில் குறை வருகிறதோ அதற்குரிய பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மெயின் ஜெட்டைப் பார்க்க, முழு ஆக்சிலேட்டரில் அரைக் கிலோமீட்டர் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து உடனே இன்ஜினை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, சற்று ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். கரிக் கறுப்பானால் பெட்ரோல் அதிகம். பிஸ்கட் நிறமானால் சரி. சுண்ணாம்பு வெள்ளையானால் பெட்ரோல் போதவில்லை. இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபின் நிறம் முன்பைவிடச் சற்று வெளிறித்தான் இருக்கும். ஆனால் சுண்ணாம்பு வெள்ளையோடு மலை ஏறாதீர்கள். கரும்புகை பணத்தைத்தான் தின்னும். பெட்ரோல் போதாத இன்ஜின் சூடேறி பிஸ்டனையே இறுகப் பிடித்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஷெட்டில் இருந்த நாளில் எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். மூன்றைச் சேர்த்து மாற்றியவனுக்கு எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

வெளியூரில் இருக்கும் நமக்கு இன்னொரு சொல். ஊரிலிருந்து திரும்பும் முன் பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு வருடம் கிண்ணத்தில் நின்றால் பைலட் ஜெட் அடைக்கும், பழைய ரப்பர் உப்பும், உலோகம் பூக்கும். ஐந்து நிமிட வேலை அடுத்த விடுமுறையைக் காப்பாற்றும்.

மூணாறு சேர்ந்தது

மறையூர் மெக்கானிக் மிதவையின் நாக்கைத் திருகு உளியால் இம்மி அளவு வளைத்து மட்டத்துக்குக் கொண்டு வந்தார். தங்கை மகன் பழைய கார்புரேட்டரைத் தூக்கி எறியாமல் காரின் டிக்கியில் போட்டு வைத்திருந்தான். அதில் இருந்த 90 ஜெட் புதியதில் அப்படியே பொருந்தியது. கரி பிடித்த பிளக்கைத் துடைத்தோம். குழாயை நீளமாக மாற்றினோம். அன்று இரவு மறையூரிலேயே தங்கிவிட்டோம். கூலி கேட்டதற்கு அவர் சொன்ன தொகை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும். கூட்டிக் கொடுத்தால் வாங்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். சந்தனக் காட்டைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளின் ஓரமாக வண்டி முக்கிக்கொண்டு, ஆனால் நிற்காமல் ஏறியது. புகை இல்லை. நான் பின்னால் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

தங்கை வீடு சாலையிலிருந்து சற்று மேலே. நாங்கள் போய்ச் சேரும் முன்பே அவள் வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் வண்டியை நிறுத்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அவர் வர்ற மாதிரியே இருந்திச்சுண்ணே" என்றாள்.

முந்தின நாள் சாலையில் நடந்ததை அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலர் அவள் கைக்குப் போனால் தெரிந்துகொள்வாள். திட்டட்டும். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான். படிக்கும் நீங்கள் மட்டும், புதிய உருப்படியை மாட்டுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள்.